சுருண்ட இலைக்கு எத்தனை கட்டம்

என்னோடு படித்து, என்னோடு நரைத்து, இப்போது என்னைப் போலவே மாடிப்படியைக் கண்டால் பெருமூச்சு விடும் தோழர்களே, உங்களுக்கு என்னைத் தெரியும். வகுப்பில் யார் சிரித்தாலும் வாத்தியார் திரும்பிப் பார்க்காமலே என்னைத்தான் வெளியே நிறுத்துவார். கல்யாண வீட்டுப் பந்தியில் என் பக்கத்து இடத்துக்குப் போட்டி இருக்கும். சாவு வீட்டில் என் பக்கத்தில் உட்கார ஒருத்தரும் வர மாட்டீர்கள், எங்கே சிரித்துத் தொலைத்துவிடுவோமோ என்ற பயம். ஆகவே இதைப் படிக்கும்போதும் எந்த இடத்தில் சிரிப்பது என்று தேடிக்கொண்டே வருவீர்கள். தேடுங்கள். ஓரிரு இடத்தில் அகப்படும். மற்ற இடங்களுக்கு நான் பொறுப்பில்லை.

போன வாரம் என் வீட்டுக்காரி ஒரு கட்டுத் தண்டுக்கீரையை முறத்தில் போட்டு என் முன்னால் வைத்தாள். ஓய்வு பெற்ற ஆண்பிள்ளைக்கு ஆம்பூரில் கிடைக்கும் முதல் உத்தியோகம் கீரை ஆய்வதுதான். பாதிக் கட்டு ஆய்ந்திருப்பேன். ஓரம் கருகி, கிண்ணம் மாதிரி உள்பக்கம் சுருண்ட இலை ஒன்று கையில் வந்தது. என்னைக் கேட்காமலே என் கட்டைவிரல் அதை நீவ ஆரம்பித்தது. நடு நரம்பிலிருந்து ஓரத்துக்கு, நடு நரம்பிலிருந்து ஓரத்துக்கு.

"இன்னா, எலைக்கு இஸ்திரி போடுறீங்களா?" என்றாள்.

அந்த இஸ்திரி பதினோரு வயதில் ஆரம்பித்தது.

அப்போது நைனா, என் அப்பா, தோல் பதனிடும் டேனரி ஒன்றில் அளவுக்காரர். பதனிட்டு முடிந்த தோலை மேசைமேல் விரித்து, கம்பி கட்டிய மரச்சட்டம் ஒன்றை அதன்மேல் வைத்து, தோல் எத்தனை கட்டத்தை நிரப்புகிறது என்று எண்ணி, உள்பக்கத்தில் சாக்பீஸால் எத்தனை சதுர அடி என்று எழுதுவது அவர் வேலை. லீவு நாளில் சாப்பாட்டுத் தூக்கை நான்தான் எடுத்துக்கொண்டு போவேன். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை மேசையடியில் உட்கார்ந்திருப்பேன். சுண்ணாம்பும் உப்பும் பச்சைத்தோலும் கலந்த அந்த வாசனையில் வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். எனக்கோ அது நைனாவின் சட்டை வாசனை. இன்றைக்கும் ரயில் ஊருக்குள் நுழையும்போது மற்றவர்கள் ஜன்னலைச் சாத்துவார்கள், நான் திறப்பேன்.

அவர் அளப்பதைப் பார்த்தே அந்தத் தொழிலின் சட்டதிட்டமெல்லாம் எனக்கு மனப்பாடம். தோல் விறைத்திருந்தால் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். சுருக்கம் இருந்தால் உள்ளங்கையால் நீவ வேண்டும். ஓரம் மடிந்திருந்தால் பிரித்து இழுத்து விட வேண்டும். கட்டத்தில் பாதிக்கு மேல் தோல் இருந்தால் அதை முழுக்கட்டமாக எண்ண வேண்டும். ஓட்டை, கீறல், உண்ணி கடித்த தடம் எதையும் கழிக்கக் கூடாது. அதையெல்லாம் பார்க்கத் தரம் பிரிக்கிறவர் என்று வேறொருத்தர் அடுத்த மேசையில் இருந்தார். "அளவு வேற, தரம் வேற. அவன் வேலைய நான் பாத்தா அவனுக்கு வயிறு எரியும்" என்பார் நைனா. அடி கூடினால் முதலாளி முகம் மலரும். குறைந்தால், "இன்னாய்யா, ஆடு எளைச்சுப் போச்சா, நீ எளைச்சுப் போய்ட்டியா?" என்பார். ஆக, உலகத்தில் எதை அளந்தாலும் அதிகமாக வருவதுதான் நல்லது என்று என் மண்டையில் பதிந்துவிட்டது. பரீட்சை மார்க்கும் அந்தக் கொள்கைக்கு விரோதமாக இல்லை. என் மார்க்கைத் தவிர.

டேனரியின் பின்சுவருக்கும் பாலாற்று மணலுக்கும் நடுவே கீரையத்தையின் நிலம். நாலைந்து வீடு கட்டலாம், அவ்வளவுதான். யாருக்கும் அத்தை இல்லை, தெருவுக்கே அத்தை. புருஷன் போய்விட்டார், பிள்ளை இல்லை. ஒரு கிணறு, பத்துப் பன்னிரண்டு பாத்தி, தலையில் ஒரு கூடை. காலையில் அவர் "கீரே" என்று இழுத்துக்கொண்டு தெருவுக்குள் வந்தால் எங்களுக்கு மணி பார்க்க வேண்டாம்.

எனக்கும் அவருக்கும் ஒரு வாய்ச்சண்டை வியாபாரம் உண்டு. "அத்தே, இந்தக் கீரைய ஆடு திங்குமா?" என்பேன். "நீ தின்னுட்டுச் சொல்லு கண்ணு, ரெண்டும் ஒண்ணுதானே" என்பார். சொல்லிவிட்டு, முந்தானையில் முடிந்த மணத்தக்காளிப் பழத்தை என் கையில் கொட்டுவார். அந்த ஊரில் என்னிடம் வாய் கொடுத்து ஜெயித்த ஒரே ஆள் அவர்தான்.

அந்த வருஷம் அவர் கீரை கெட ஆரம்பித்தது. பச்சைத்தோல் உப்புப் போட்டுத்தான் வரும். அதை ஊறவைத்துக் கழுவிய தண்ணீர் டேனரிச் சுவரிலிருந்த ஓட்டை வழியாக வாய்க்காலில் இறங்கி, அவர் வேலியை ஒட்டிப் போய் ஆற்றில் விழும். அது மண்ணுக்குள் கசிந்து கிணற்றில் கலந்தது. கிணற்றுத் தண்ணீர் வாயில் வைத்தால் கரித்தது. பாத்தி வரப்பில் உப்பு வெள்ளையாகப் பூத்தது. இலைகள் சிறுத்து, ஓரம் கருகி, வெயிலுக்குக் கை கூப்புவதுபோல உள்ளே சுருண்டன. தெருப் பெண்கள் கட்டைப் பிரித்துப் பார்த்து, "இன்னா அத்தே, கீரைக்குச் சொறி புடிச்சிருக்குது?" என்று திருப்பிப் போட்டார்கள். திருப்பிப் போட்டவர்களில் என் அம்மாவும் உண்டு.

கீரையத்தை தாலுகா ஆபீசுக்கு நடந்தார். தெருக்கோடி வரை வந்திருந்த நல்ல தண்ணீர்க் குழாயைத் தன் நிலம் வரை நீட்டித் தரச் சொல்லி மனுக் கொடுத்தார். உன் கிணற்றுத் தண்ணீரால்தான் கீரை கெடுகிறது என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டார்களாம். வாடிய கட்டு ஒன்றை மேசைமேல் வைத்திருக்கிறார். "இது நேத்துப் பறிச்சதா இருக்கும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

இந்தச் சமயத்தில்தான் வேலூர்ப் பக்கத்துக் கல்லூரியிலிருந்து ஒரு சார் வந்தார். இளவயது, பெரிய கைக்கடிகாரம், வெயிலில் சிவந்துபோகும் காது. நம் ஊர் மாதிரி வெயில் ஊர்களில் கீரை இலை நாளுக்கு நாள் எப்படி வளர்கிறது என்று அளந்து பார்ப்பது அவர் படிப்பாம். கீரையத்தையின் கதை யார் மூலமோ அவர் காதுக்குப் போயிருந்தது. இரண்டு பாத்தியில் ஒரே நாளில் ஒரே விதையைப் போடுவது. ஒன்றுக்குக் கிணற்றுத் தண்ணீர், இன்னொன்றுக்குத் தெருக்குழாயிலிருந்து சுமந்து வந்த தண்ணீர். ஒவ்வொன்றிலும் சில இலைகளில் நூல் கட்டி, தினமும் காலையில், வெயில் ஏறுமுன் அளந்து எழுதுவது. கிணற்றுப் பாத்தி இலை கம்மியாக வளர்ந்தால் அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாலுகா ஆபீசில் கொடுக்கிறேன் என்று அத்தைக்கு வாக்குக் கொடுத்தார். இது அத்தைக்கும் அவருக்கும் நடந்த பேச்சு. எனக்கு அப்போது தெரியாது. நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மொத்த வினையும் இங்கேதான்.

அவரால் சனிக்கிழமை மட்டும்தான் வர முடியும். தினமும் அளக்க ஓர் ஆள் தேடி எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். "கட்டம் எண்ணத் தெரிஞ்ச பையன் யாராவது இருக்கீங்களா?" என்றார். வகுப்பு முழிக்க, நான் எழுந்தேன்.

"சார், எங்க நைனா டேனரியில தோல் அளக்கிறவரு. ஒரு ஆட்டையே அளந்துடுவேன், எலை இன்னா சார்."

வகுப்பு சிரித்தது. சாரும் சிரித்தார். அந்தச் சிரிப்புத்தான் என் நியமன உத்தரவு.

சார் கொடுத்த கருவியை நீங்கள் யாரும் பார்த்திருக்க மாட்டீர்கள். உள்ளங்கை அகலத்தில் ஒரு கண்ணாடித் தகடு. அதில் பொடிப்பொடிக் கட்டங்களாகக் கீறி, கோடுகளில் கறுப்பு மை ஏற்றியிருந்தது. கைகளில் குத்தாதபடி நாலு ஓரமும் தேய்த்து மழுக்கியிருந்தது. இலையைச் செடியிலேயே வைத்துக்கொண்டு, அடியில் ஒரு அட்டையைக் கொடுத்து, மேலே கண்ணாடியை வைத்துக் கட்டங்களை எண்ண வேண்டும். நைனாவின் சட்டத்தை யாரோ பொம்மை வீட்டுக்குச் செய்து கொடுத்ததுபோல இருந்தது. கையில் வாங்கியபோது, பெரிய மனுஷனாவது இவ்வளவு சுலபமா என்று இருந்தது.

"எலையப் பறிக்கக் கூடாது. பொய்யா எழுதக் கூடாது. ரெண்டுதான்" என்றார் சார். நீவக் கூடாது என்று அவர் சொல்லவில்லை. இலையை நீவுகிற ஒருத்தன் பூமியில் இருப்பான் என்று அவருக்கு எப்படித் தோன்றும்?

"எந்தப் பாத்தி சார் ஜெயிக்கணும்?" என்று கேட்டேன்.

"அது உனக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா உன் கை அந்தப் பக்கம் சாஞ்சிடும்."

அத்தையிடமும் இதைப் பற்றி என்னோடு பேசக் கூடாது என்று சொல்லிவைத்திருந்தார். நேர்மையான மனிதர். நான் கேட்கும்போதெல்லாம் அத்தை முந்தானையால் வாயை மூடிக்கொண்டு தலையை ஆட்டுவார், கண் மட்டும் சிரிக்கும்.

ஆகவே நானே கண்டுபிடித்தேன். அத்தைக்குக் குழாய் வரப்போகிறது, அதற்காகத்தான் அளக்கிறார்கள் என்பது வரைக்கும் தெருவில் பேச்சு இருந்தது. நன்றாகப் படிக்கிற பிள்ளைக்கு ஸ்காலர்ஷிப் கொடுக்கிறார்கள். அதுபோல நன்றாக வளரும் கீரைக்குக் குழாய் கொடுப்பார்கள். கிணறு அத்தையுடையது, எனவே கிணற்றுப் பாத்திதான் அத்தையின் கட்சி. குழாய்ப் பாத்தி முனிசிபாலிட்டியின் கட்சி. பதினோரு வயதில் என் மூளை இவ்வளவு கூர்மை. அதற்குப் பிறகு மழுங்கியதற்கு நீங்கள் சாட்சி.

என் தோஸ்த் ஒருவன் எனக்கு உதவி. அவன் அப்பா ஷூ மேல்பாகம் தைக்கிறவர். அவர் தையல் நூல்தான் இலைகளில் கட்டியது, கிணற்றுப் பாத்திக்குச் சிவப்பு, குழாய்ப் பாத்திக்கு வெள்ளை. விடிந்ததும் அவனும் நானும் தெருக்குழாயிலிருந்து குடம் சுமப்போம். அவன் நோட்டில் எழுத, நான் அளப்பேன்.

முதல் பத்து நாள் இரண்டு பாத்தியும் ஒன்றுபோலத்தான் வந்தது. சனிக்கிழமை சார் நாலு வெள்ளைநூல் இலையைத் தானே அளந்து, என் நோட்டோடு ஒப்பிட்டார். ஒரு கட்டம் பிசகவில்லை. "கை சுத்தம்" என்று என் முதுகில் தட்டினார். அதற்குப் பிறகு அவர் அளந்து பார்க்கவே இல்லை. வருவார், நோட்டைப் புரட்டுவார், கையெழுத்துப் போடுவார், பஸ் பிடிப்பார்.

அப்புறம் சிவப்புநூல் இலைகள் சுருள ஆரம்பித்தன. கண்ணாடியை வைத்தால் மேலேயே நின்றது, அடியில் இலை கிண்ணம்போலக் குவிந்திருந்தது. எண்ணிப் பார்த்தேன், நேற்றைவிடக் கம்மி. அத்தையின் கட்சி தோற்கிறது.

தோல் விறைத்தால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? துண்டைக் குடத்தில் நனைத்து இலையைத் துடைத்தேன். கட்டைவிரலால் நடு நரம்பிலிருந்து ஓரத்துக்கு நீவினேன், மெல்ல மெல்ல, கிழியாமல். உப்பில் தடித்த இலை, வெறும் தோல் மாதிரிதான் இருந்தது, விரலுக்குக் கட்டுப்பட்டது. ஓரத்தைப் பிரித்து இழுத்து, கண்ணாடியை அழுத்தி எண்ணினேன். கருகி உதிர்ந்த ஓரத்தையும் முன்பு இலை எதுவரை இருந்ததோ அதுவரை சேர்த்துக்கொண்டேன், ஓட்டையைக் கழிப்பது அளவுக்காரன் வேலையில்லை. பாதிக்கட்டமெல்லாம் முழுக்கட்டம். முனிசிபாலிட்டிக் கட்சிக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது. அவர்களுக்கு எதற்கு இனாம்?

"முப்பத்தெட்டு, எழுதிக்கோ" என்றேன்.

தோஸ்த் பென்சிலை நிறுத்திவிட்டு இலையைப் பார்த்தான். நான் விரலை எடுத்ததும் அது பழையபடி சுருண்டுகொண்டது.

"முப்பத்தெட்டு எங்கடா இருக்குது?"

"உள்ள மடிஞ்சிருக்குது. நீ எழுது."

அவன் எழுதினான். எங்கள் இருவரில் அளவு தெரிந்தவன் நான்தானே.

ஒருநாள் அப்படி நீவிக்கொண்டிருக்கும்போது வேலிப்பக்கம் சைக்கிள் பிரேக் கிரீச்சிட்டது. வேலைக்குப் போகிற வழியில் நைனா ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்க்கிறார் என்றதும் எனக்குத் தொழில் வெறி வந்தது. ஈரத்துணி, உள்ளங்கை, ஓரம், கண்ணாடி, எல்லாம் அவர் செய்வதுபோலவே செய்து காட்டினேன். உதட்டைக் குவித்து எண்ணுவதைக்கூட விடவில்லை.

"எந்தப் பாத்திடா இது?" என்றார்.

"கெணத்துப் பாத்தி நைனா."

சட்டம் வைக்காமலே தோலைப் பார்த்த மாத்திரத்தில் கால் அடி பிசகாமல் சொல்லக்கூடியவர் அவர். இந்தப் பாத்தியைப் பார்த்தார். அந்தப் பாத்தியைப் பார்த்தார். தோஸ்தின் கையிலிருந்த நோட்டை வாங்கி ஒரு பக்கம் படித்தார். பிறகு அவர் கண் பின்சுவருக்குப் போனது. சுவரிலிருந்த ஓட்டை, அதிலிருந்து நுரையோடு இறங்குகிற தண்ணீர். எட்டு மணிச் சங்கு ஊதியது.

ஏதோ சொல்ல வாயைத் திறந்தார்.

"கண்ணாடிய அழுத்தாத, ஒடைஞ்சிடும்" என்றார். நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மிதித்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று சாயங்காலம் எனக்கென்று ஒரு பொட்டலம் மிக்சர் வாங்கி வந்தார். எங்கள் வீட்டில் காரணமில்லாமல் மிக்சர் வந்ததே இல்லை. என் அளவுத் திறமைக்குப் பரிசு என்று நினைத்து, அக்காவுக்குக்கூடக் கொடுக்காமல் தின்றேன்.

கடைசிச் சனிக்கிழமை சார் வரப்பில் உட்கார்ந்து நோட்டைக் கூட்டிப் பார்த்தார். அத்தை கூடையைக்கூட இறக்கி வைக்காமல் எதிரே நின்றார். அன்று தெருவுக்குப் போகவில்லை, தலையில் வெறும் கூடை. நானும் தோஸ்தும் பக்கத்தில், ரிசல்ட் பார்க்க வந்த பிள்ளைகள்போல.

சார் கூட்டினார். மறுபடி கூட்டினார். காது சிவந்தது.

"பெரிய வித்தியாசம் இல்லையேம்மா" என்றார்.

"இன்னா சார் சொல்றீங்க? பாருங்க, எலை சுருண்டு கெடக்குது. இந்தப் பாத்தி ஒரு மாதிரி, அந்தப் பாத்தி ஒரு மாதிரி. கண்ணுல தெரியுதில்ல?"

"கண்ணுக்குத் தெரியுது. ஆனா கண்ணுல பாத்தேன்னு நான் எழுத முடியாதும்மா. அளந்ததைத்தான் எழுத முடியும். எலை அளவு கிட்டத்தட்ட சமமாத்தான் இருக்குது. கொஞ்சம் சுருளுது, அது பூச்சியாக்கூட இருக்கலாம்."

அத்தை என் பக்கம் திரும்பினார். ஒரு மாதம் பேசக் கூடாது என்று கட்டி வைத்திருந்த வாய்.

"சரியா அளந்தியா கண்ணு?"

"ஒரு கட்டம் வுடல அத்தே" என்றேன் பெருமையாக. "முனிசிபாலிட்டிக்குச் சமமா வந்துட்டோம்."

அவர் கூடையை இறக்கிக் கீழே வைத்தார். சார் எனக்கு அந்தக் கண்ணாடியைப் பரிசாகக் கொடுத்துவிட்டுப் போனார். அதன் பிறகு அவர் வரவில்லை. குழாயும் வரவில்லை.

எனக்குக் கொஞ்சம் குழப்பம். ஜெயித்த பிறகும் ஏன் குழாய் வரவில்லை? ஒரு மாதம் போலக் கழித்து, பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் தோஸ்த் திடீரென்று நின்றான். அவன் வீட்டில் தாலுகா ஆபீஸ் விவரத்தை யாரோ பேசியிருக்கிறார்கள்.

"அரே, எலை கம்மியா வந்திருந்தாத்தான் அத்தைக்குக் கொழாயாம். நீ நீவி நீவி அளந்தியே." விரல்களை உள்பக்கம் மடக்கிக் காட்டினான். "சுருண்டிருந்துச்சு பாரு, அதுதான்டா அதோட நோவு. நீ அதைப் பிரிச்சிட்ட."

பையைத் தோஸ்திடம் கொடுத்துவிட்டு ஓடினேன், இப்போதே சொல்லிவிடுவது என்று.

அத்தை பாத்தியில் குத்தவைத்து இருக்கிற கீரையைப் பொறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். மூன்று பாத்தியைப் பொறுக்கினால் ஒரு கட்டு. நான் மூச்சு வாங்க நின்றேன். நான் தொடங்குமுன் அவரே பேசினார்.

"தண்ணியில ஒண்ணுமில்லன்னு அளந்தே பாத்துட்டாங்க கண்ணு. அப்ப என் கையிலதான் ஏதோ கோளாறு. சில பேருக்கு வயசானா கை ராசி போய்டும்னு சொல்வாங்க. போய்ட்டுது போல." இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். விரலிடுக்கில் உப்புப் பட்டு வெள்ளையாக வெடித்திருந்தது.

சொல்ல வேண்டிய வாக்கியம் தொண்டை வரை வந்தது. வாய்க்கு வந்தபோது அது வேறாக மாறியிருந்தது.

"உங்க கையில ஒண்ணுமில்ல அத்தே. நாந்தான் எலைக்கெல்லாம் மந்திரம் போட்டுப் பெருசாக்கிட்டேன். சாரு ஏமாந்துட்டாரு."

அவர் என்னைப் பார்த்தார். பல நாளுக்குப் பிறகு சிரித்தார். "அப்ப கெழவிக்கும் ஒரு மந்திரம் போடு, கொமரியாயிடுறேன்" என்று மணத்தக்காளி தேடி முந்தானையைத் தடவினார். முடிச்சு காலி. நானும் சிரித்தேன். சொல்லியாகிவிட்டது என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டு வீட்டுக்குப் போனேன். உண்மையைத்தானே சொன்னேன். அவர் சிரித்தால் நான் என்ன செய்வது?

அடுத்த மழைக்குள் அவர் ஒடுகத்தூர்ப் பக்கம் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். நிலம் சீமைக்கருவேலம் முளைத்துக் கிடந்தது. காலையில் "கீரே" குரல் இல்லாததால் நாங்கள் கொஞ்ச நாள் பள்ளிக்கூடத்துக்கு லேட்டாகப் போனோம். அப்புறம் பழகிவிட்டது.

அந்தச் சமயத்தில் என் கண்ணாடியும் காணாமல் போனது. ஜன்னல் மாடத்தில் வைத்திருந்தேன். வீட்டைக் கவிழ்த்துத் தேடினேன். அக்காவை அடித்தேன், அவள் திருப்பி அடித்தாள். நைனா மட்டும் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்.

பிற்பாடு நானும் அதே டேனரியில் அதே மேசையில் அளவுக்காரனானேன். சட்டம் போய் மிஷின் வருகிற வரைக்கும் என் கை ஆயிரக்கணக்கில் தோலை நீவியது. நைனா செத்த மூன்றாம் மாதம் அவருடைய தகரப்பெட்டியைத் திறந்தேன். அடியில், அளவு மேசையில் போடும் ஈரத்துணி ஒன்று, காய்ந்து விறைத்துப்போய். அதற்குள் என் கண்ணாடி. ஓர் ஓரம்கூட உடையாமல், நாலு மடிப்பாகச் சுற்றியிருந்தது.

பெட்டியின் முன்னால் உட்கார்ந்து வெகுநேரம் அந்த மிக்சர் பொட்டலத்தைப் பற்றி யோசித்தேன். தன் அன்னத்துக்கு வழியான சுவரையும் தன் பிள்ளையின் நோட்டையும் ஒரே பார்வையில் பார்த்துவிட்ட மனிதர். வாயைத் திறந்து, கண்ணாடி உடையும் என்று சொல்லிவிட்டு மூடிக்கொண்டார். அவரைத் திட்ட எனக்கு வாயில்லை. நான் திறந்த வாயில் மட்டும் என்ன வந்தது? மந்திரம்.

மறுநாள் கண்ணாடியைத் துண்டில் சுற்றிக்கொண்டு ஒடுகத்தூர் பஸ் ஏறினேன்.

அத்தை தங்கை வீட்டு வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். உடம்பு வற்றியிருந்தது, வாய் வற்றவில்லை. "யாரு, அளவு சாரா? மீசையெல்லாம் வெச்சிருக்கிற, நெஜ மீசைதானா?" என்றார். மலையடிவாரத்து ஊர். பின்னால் மோட்டார் தண்ணீர் கண்ணாடிபோல ஓடியது. ஒரு கை அள்ளிக் குடித்தேன், இளநீர்.

"இவ்ளோ தண்ணி கெடக்குது" என்றார் தங்கை. "நாலு கீரை வெத போடுக்கான்னு வந்த நாளா சொல்றேன். என் கையில மொளைக்காதுன்னு அக்கா தொடவே மாட்டேங்குது. கடையில காசு குடுத்துக் கீரை வாங்குறோம், இந்தக் கூத்த எங்க போய்ச் சொல்ல."

நான் கண்ணாடியை எடுத்தேன். வேலியோரத்துச் செடியில் சுருண்ட இலை ஒன்றைப் பறித்து, அத்தையின் கண்ணெதிரே கட்டைவிரலால் நீவிக் காட்டினேன். எல்லாம் சொன்னேன். ஈரத்துணி, பாதிக்கட்டம், கருகின ஓரம், கட்சி, ஸ்காலர்ஷிப், தோஸ்த் நின்று சொன்னது. நைனா சைக்கிளில் நின்றதை மட்டும் சொல்லவில்லை. "உங்க கையில ஒண்ணுமில்ல அத்தே. தண்ணிதான். நாந்தான் எலையப் பெருசாக்கிக் காட்டினேன்" என்று முடித்தேன்.

அத்தை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்று தேடுகிற பார்வை அது. மெல்ல அவர் தோள் குலுங்கியது.

"இன்னும் அந்த மந்திரத்த வுடலியாடா நீ" என்றார். தங்கையைப் பார்த்து, "இவன் சின்னப் புள்ளையிலயே இப்பிடித்தான். நான் அழுது கெடந்தப்ப ஓடியாந்து இதே கதையச் சொல்லிச் சிரிக்க வெச்சான். இப்ப கண்ணாடியெல்லாம் தூக்கிகினு வந்துகீறான், பாரு" என்றார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"சத்தியமா அத்தே. ஒரு பிடி வெத போட்டுப் பாருங்க."

"போடுறேன், போடுறேன். மொளைக்கலைன்னா நீ வந்து மந்திரம் போடு."

போடவில்லை. தங்கை மகனை வேலூர்ச் சந்தையில் பார்க்கும்போதெல்லாம் விசாரிப்பேன். கடைசி வரைக்கும் போடவில்லையாம். கண்ணாடியை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். பால் கிண்ணத்துக்கு மூடியாக இருந்ததாம்.

போன வாரம் முறத்தில் கிடந்த அந்த ஒற்றை இலையை நான் நீவுவதை நிறுத்திவிட்டுத் தனியே எடுத்து வைத்தேன். அது பழையபடி சுருண்டுகொண்டது.

"அந்த ஒண்ண மட்டும் இன்னாத்துக்கு எடுத்து வெச்சிருக்கீங்க?" என்றாள் என் வீட்டுக்காரி.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

"அது என் தோஸ்து. ரெண்டு பேருக்கும் முதுகு நிமிராது" என்றேன்.

அவளும் சிரித்தாள்.